டெட் வில்லியம்ஸின் 0.482: இந்தப் படத்தில் போர் எங்கே?

கேள்வி, மார்ச் 2

பாஸ்டன் ரெட் சாக்ஸ் பேஸ்பால் ஆட்டக்காரர் டெட் வில்லியம்ஸின் ஆன்-பேஸ் விகிதத்தை சீசன் வாரியாக எக்செல்லில் போட்டு, 1939 முதல் 1960 வரை ஒரே கோடாக வரைந்தேன். 1941-ல் ஒரு சிகரம், 1959-ல் ஒரு பள்ளம், மற்றபடி தட்டை. இவ்வளவு பெரிய ஆட்டக்காரரின் படத்தில் பார்க்க ஒன்றுமே இல்லையா? இன்னொன்று, 1952-க்கு 0.500 வருகிறது. அது அவருடைய சிறந்த ஆண்டுகளில் ஒன்று என்று எடுத்துக்கொள்ளலாமா?

மார்ச் 2, இரவு 9.40

1952-ஐ முதலில் பார்த்துவிடுவோம். அந்த ஆண்டு அவர் ஆடியது 6 ஆட்டம். பேட்டோடு வந்து நின்றது 12 முறை. 4 ஹிட், 2 வாக். பன்னிரண்டுக்கு ஆறு, அதனால் 0.500. ஏப்ரல் 30-ம் தேதி ஆட்டம் முடிந்ததும் மரீன் படைக்குத் திரும்பி, போர் விமானியாகக் கொரியா போனார்.

அதே கோட்டில் மூன்று புள்ளி இடப்பக்கம் 1949 இருக்கிறது. 730 முறை வந்து 358 முறை பேஸ் போய்ச் சேர்ந்தார். 0.490. உங்கள் படத்தில் இரண்டும் ஒரே பருமனில் இருக்கின்றன, 1952 கொஞ்சம் உயரத்திலும் நிற்கிறது. அது சரியில்லை.

மார்ச் 2, இரவு 10.15

கிரிக்கெட் மட்டும் பார்த்துப் பழகியவர்கள் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். ஆன்-பேஸ் விகிதம் என்பது, பேட்டர் வந்து நின்றதில் எத்தனை பங்கு அவுட் ஆகாமல் பேஸுக்கு, அதாவது ரன் எடுக்க ஓடிச் சேர வேண்டிய முனைக்குப் போனார் என்பதற்கான கணக்கு. பின்னத்தின் மேலே ஹிட் (பந்தை அடித்து பேஸ் போவது), வாக், உடம்பில் பந்து பட்டுக் கிடைத்த பேஸ். கீழே அட்-பேட் (அடித்தோ அவுட் ஆகியோ முடிந்த முறை), வாக், உடம்பில் பட்டது, சாக்ரிஃபைஸ் ஃப்ளை (தான் கேட்ச் ஆனாலும் கூட்டாளிக்கு ரன் கிடைக்கும் அடி). ஃபீல்டர் பந்தைத் தவறவிட்டதால் பேஸ் கிடைத்தால் அது பேட்டருக்கு வரவு ஆகாது.

வாக் என்றால், பந்து வீசும் பிட்சர் நல்ல பந்து போடாமல் நான்கு முறை வெளியே போட்டால் கிடைக்கும் இலவச பேஸ். பொறுமையாக நின்று, மோசமான பந்துக்குப் பேட்டை வீசாமல் இருப்பவருக்குத்தான் அது கிடைக்கும்.

சாதாரண ஆட்டக்காரர் மூன்றில் ஒரு தடவை பேஸ் போவார். வில்லியம்ஸ் ஆட்ட வாழ்க்கை முழுவதற்கும் 0.482. ஏறக்குறைய பாதி. பெரிய லீக் வரலாற்றில் இதற்கு மேலே யாரும் இல்லை. அடுத்து நிற்கும் பேப் ரூத்துக்கு 0.474.

மார்ச் 3, காலை

இரவு தூங்கப் போன பிறகும் அந்த 12 மனதை விட்டுப் போகவில்லை. நான் இருபது வருடத்துக்கு மேல் நூற்பாலையில் தரக்கட்டுப்பாடு பார்த்தவன். ஒரு ஷிப்டில் 600 கோன் சோதிப்போம். கரண்ட் போன ஷிப்டில் சில நேரம் ஒரு டஜன் கோன்தான் கைக்கு வரும். இரண்டுக்கும் பழுது விகிதம் போட்டு ஒரே சுவரில் ஒட்டினால் மேலதிகாரி அந்த டஜன் ஷிப்டைப் பிடித்துக்கொண்டு கத்துவார். அதற்காகவே பி சார்ட் என்று ஒன்று உண்டு. சோதித்த எண்ணிக்கை குறைந்தால் அதன் கட்டுப்பாட்டுக் கோடுகள் விரியும், கூடினால் நெருங்கும்.

அதையே இங்கே செய்து பார்த்தேன். விகிதத்தை, ஒன்றில் விகிதம் கழித்த மீதியால் பெருக்கி, முறைகளின் எண்ணிக்கையால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் பிழை, அதாவது அந்த எண் தற்செயலாக ஆடக்கூடிய அளவு, கிடைக்கும். 1952-க்கு 0.144 வருகிறது. அதன் இருமடங்கு வரை, அதாவது அந்த 0.500 இரண்டு பக்கமும் 0.29 ஆடும். 0.21-ஆகவும் இருந்திருக்கலாம், 0.79-ஆகவும் இருந்திருக்கலாம். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. 1949-க்கு வருவது 0.0185 மட்டுமே.

பிறகு 0.482-ஐ நடுக்கோடாக வைத்து, ஒவ்வொரு ஆண்டுக்கும் அதன் எண்ணிக்கைக்கு ஏற்ற பிழையின் மும்மடங்கில் எல்லைகளைப் போட்டேன். அவர் ஆடியது 19 சீசன். எல்லைக்கு வெளியே போனவை இரண்டே புள்ளிகள். மேலே 1941, கீழே 1959. நீங்கள் கண்ணால் பார்த்துச் சொன்ன அதே சிகரமும் அதே பள்ளமும்தான்! மற்ற பதினேழும் உள்ளே. உங்கள் கண் தப்பாகப் பார்க்கவில்லை, தட்டை என்றது உண்மைதான். ஆனால் இருபத்திரண்டு வருடம் தாண்டி ஒரு மனிதன் 0.482-ஐச் சுற்றியே நிற்பது, பார்க்க ஒன்றுமில்லாத விஷயமா? நூற்பாலையில் ஒரு இயந்திரம் அப்படி ஓடினால் நாங்கள் அதன் பக்கத்தில் போய் நின்று பார்ப்போம்.

மார்ச் 3, மதியம்

1941-க்கும் 1957-க்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். 1941-ல் 0.551, வயது 23-ஐத் தொட்ட ஆண்டு. 1957-ல் 0.526, வயது 39-ஐத் தொட்ட ஆண்டு. வித்தியாசம் 0.025. இரண்டு ஆண்டின் பிழையையும் சேர்த்துக் கணக்கிட்டால் 0.029. வித்தியாசத்தை விடப் பிழை பெரிது. இளைஞன் வில்லியம்ஸ் கிழவர் வில்லியம்ஸை விட நன்றாகப் பேஸ் போனார் என்று இந்த எண்களை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது. இதைக் கணக்குப் போட்டு முடித்தபோது எழுந்து கொஞ்சம் நடந்துவிட்டு வந்தேன்.

மார்ச் 4

திருத்தம். 1941-க்கு நான் எழுதிய 0.551 பழைய எண். பழைய ஏடுகளில் அந்த ஆண்டுக்கு 145 வாக். பிற்பாடு ஒவ்வொரு ஆட்டத்தின் பதிவையும் எடுத்து மறுபடி எண்ணியதில் 147 என்று ஆனது. 185 ஹிட், 147 வாக், 3 முறை உடம்பில் பட்டது, மொத்தம் 335. வகுக்க வேண்டியது 606. ஆக 0.553. சுட்டிக்காட்டிய நண்பருக்கு நன்றி. 1957-உடன் வித்தியாசம் 0.027 ஆகிறது. பிழை அதே 0.029 என்பதால் நேற்றுச் சொன்னது மாறவில்லை.

அதே நண்பர் இன்னொரு கேள்வியும் கேட்டார். 1941 எல்லைக்கு வெளியே, 1957 உள்ளே, பிறகு இரண்டும் ஒன்றிலிருந்து ஒன்று வேறல்ல என்றால் எப்படி? ஒன்றை நிலையான நடுக்கோட்டுடன் ஒப்பிடும்போது ஆடுவது ஒரு முனைதான். இரண்டு ஆண்டுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டால் இரண்டு முனையும் ஆடும். அதனால் தீர்ப்பு சொல்வது கடினமாகிறது. முரண்பாடு இல்லை.

1941 பற்றிப் பேசினால் செப்டம்பர் 28-ஐச் சொல்லாமல் விட முடியாது. கடைசி நாள் காலை வரை 448 அட்-பேட்டில் 179 ஹிட். வகுத்தால் பேட்டிங் சராசரி 0.39955. தள்ளிச் சுருக்கினால் 0.400. ஆடாமல் உட்கார்ந்திருந்தால் நானூறு என்ற அந்த அரிய எண் அவருடையது. பிலடெல்பியாவில் அன்று இரண்டு ஆட்டம். இரண்டிலும் ஆடி, எட்டுக்கு ஆறு அடித்து, 0.406-ல் முடித்தார்.

மார்ச் 5

சரி, கோட்டை விட்டுவிடுவோம். நான் சொல்லும் வழி இது. கிடை அச்சில் ஆண்டு வேண்டாம், வந்து நின்ற முறைகளையே வையுங்கள். ஒவ்வொரு சீசனும் ஒரு கட்டம். அகலம் அந்த ஆண்டின் முறைகள், உயரம் விகிதம். அகலத்தை உயரத்தால் பெருக்கினால் பேஸ் போன தடவைகள். ஆகவே கட்டத்தின் பரப்பே அவர் பேஸில் நின்ற எண்ணிக்கை. மொத்த அகலம் 9786, மொத்தப் பரப்பு 4714. 1952 மயிரிழை அளவுக்கு மெலிந்துவிடும், யாரையும் ஏமாற்றாது. 1953-ம் 110 தான், அதுவும் குச்சி மாதிரி நிற்கும். வரைந்து பார்த்தேன், மிக நன்றாக இருக்கிறது.

மார்ச் 6

ஒவ்வொரு கட்டத்தையும் ஹிட், வாக் என்று இரண்டு நிறத்தில் பிரிக்கச் சொன்னார் ஒருவர். நல்ல யோசனை. பிரித்ததும் 1946, 47, 48 மூன்றும் பேச ஆரம்பித்துவிட்டன.

விகிதம் மூன்றிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். 0.497, 0.499, 0.497. உள்ளே பாருங்கள். 1946-ல் 176 ஹிட், 156 வாக். 1947-ல் 181 ஹிட், 162 வாக். 1948-ல் 188 ஹிட், 126 வாக். வாக் நன்றாக இறங்கிய ஆண்டில் ஹிட் ஏறி, கூரை மட்டம் அப்படியே நிற்கிறது. ஒற்றைக் கோட்டில் இது தெரியவே தெரியாது.

1946 ஜூலையில்தான் கிளீவ்லாந்து அணியின் லூ பூட்ரோ, ஃபீல்டர்களை மொத்தமாக வலப்பக்கம் நகர்த்தி இவருக்கு எதிராக நிறுத்தினார். இடக்கை பேட்டரான வில்லியம்ஸ் பந்தை வலப்பக்கமே இழுத்து அடிப்பார். மற்ற அணிகளும் அந்த வியூகத்தைப் பிடித்துக்கொண்டன. ஹிட்டை மறிக்க ஆளை நிறுத்தலாம். வாக்கை எந்த ஃபீல்டரை நிறுத்தி மறிப்பது? நான்கு பந்து வெளியே போனால் அவர் பேட்டைக் கீழே வைத்துவிட்டு நடந்து போகிறார். ஆன்-பேஸ் விகிதத்தின் மேல் எனக்கு இருக்கும் மரியாதைக்கு இதுதான் காரணம். அது ஒரு ஆளின் கண்ணையும் பொறுமையையும் அளக்கிறது.

மார்ச் 7

சிவப்பும் பச்சையும் தனக்கு ஒன்றாகத் தெரிகின்றன என்று ஒருவர் எழுதியிருந்தார். நீலம், ஆரஞ்சு என்று மாற்றிவிட்டேன். இனி அப்படியே இருக்கும்.

மார்ச் 8

கொஞ்சம் வழி விலகல். ஆனால் 1954 கட்டத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. வாக் நிறம் ஹிட் நிறத்தை விட உயரமாக இருக்கிறது. 133 ஹிட், 136 வாக்! விகிதம் 0.513. பேட்டிங் சராசரி 0.345. அந்த ஆண்டு அமெரிக்கன் லீக் பேட்டிங் பட்டம் 0.341 அடித்த பாபி அவிலாவுக்குப் போனது. காரணம், பட்டத்துக்கு 400 அட்-பேட் வேண்டும் என்பது விதி. வாக் அட்-பேட்டில் சேராது. வில்லியம்ஸுக்கு 386.

பிட்சர்கள் பயந்து 136 முறை நடக்கவிட்டார்கள், அந்த நடையே அவரைத் தகுதியிலிருந்து தள்ளிவிட்டது. பிறகு விதியை மாற்றி, பேட்டர் வந்து நின்ற எல்லா முறைகளையும் எண்ண ஆரம்பித்தார்கள். ஆன்-பேஸ் விகிதம் பெரிய லீக்கில் அதிகாரப்பூர்வமான புள்ளிவிவரம் ஆனது 1984-ல். அவர் ஓய்வு பெற்று 24 வருடம் கழித்து.

மார்ச் 9, இரவு

மார்ச் 5-ல் நான் சொன்ன படம் தவறு. திரும்பப் பெறுகிறேன்.

இன்று திரள் விகிதம் போட்டுக்கொண்டிருந்தேன். அதாவது ஒவ்வொரு சீசன் முடிவிலும் அதுவரையிலான மொத்தக் கணக்கு. முதல் நான்கு சீசன், 1939 முதல் 1942 வரை: 2611-க்கு 1256. விகிதம் 0.481. போரிலிருந்து திரும்பிய பிறகு, 1946 முதல் கடைசி வரை: 7175-க்கு 3458. விகிதம் 0.482. இரண்டு தடவை போட்டுச் சரிபார்த்தேன். போருக்கு முன் 0.481, போருக்குப் பின் 0.482.

1958 முடிவில் மொத்தம் 0.487 வரை நின்றது. 1959-ல் கழுத்து நரம்பு வலியோடு ஆடிய 0.372-ம், கடைசி ஆண்டின் 0.451-ம் அதைக் கொஞ்சம் இழுத்தன. அதன் பிறகும் தொடங்கிய இடத்துக்கே வந்து நின்றது.

இந்த ஒற்றுமை மனதைத் தொட்டது. ஆனால் உடனே அடுத்தது உறைத்தது. விகிதத்துக்குப் போர் தெரியாது. 1943, 44, 45 மூன்று ஆண்டும் அவர் பெரிய லீக்கில் ஒரு பந்தைக்கூடச் சந்திக்கவில்லை. 1952, 53-ல் பெரும்பகுதி இல்லை. மேலே பூஜ்யம், கீழே பூஜ்யம். 0.482-ல் அது கீறல்கூட விடவில்லை. என்னுடைய கட்டப் படமோ இன்னும் மோசம். அச்சில் ஆண்டை எடுத்துவிட்டு முறைகளை வைத்ததும் 1942 கட்டமும் 1946 கட்டமும் தோளோடு தோள் ஒட்டி நின்றுவிட்டன. மூன்று வருடத்தைக் காணோம். ஒரு பன்னிரண்டு பொய் சொல்லக் கூடாது என்று ஆரம்பித்து, ஒரு போரையே அழித்துவிட்டேன்.

உங்கள் முதல் கோட்டுப் படமும் வேறு விதத்தில் அதையே செய்கிறது. 1942-ன் 0.499-ஐயும் 1946-ன் 0.497-ஐயும் எக்செல் நேர்கோட்டால் இணைத்திருக்கிறது. அந்தக் கோட்டின் மேல் 1944-க்கு விரல் வைத்தால் 0.498 என்று படிக்கலாம். 1944-ல் அவர் பென்சகோலாவில் இளம் விமானிகளுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

பிராட்மனின் 99.94-ம் இப்படித்தான். 1938-க்கும் 1946-க்கும் நடுவில் அவருக்கு ஒரு டெஸ்ட்கூட இல்லை என்பதை அந்த எண்ணைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

மார்ச் 10

அந்த மூன்று வருடத்தைச் சராசரியால் நிரப்பிவிடலாமே, புள்ளிக்கோடாகக் காட்டலாமே என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். ஆசை எனக்கும் வருகிறது. 1942-ல் அவர் பேஸ் போனது 335 தடவை, 1946-ல் 334. கை தானாகக் கணக்குப் போடுகிறது. ஆண்டுக்கு 335 என்றால் மூன்று வருடத்துக்கு ஆயிரத்தைத் தாண்டும். 4714 என்பது 5700-ஐத் தாண்டியிருக்கும்.

பேச்சில் சொல்லுங்கள், தப்பில்லை. படத்தில் வரையாதீர்கள். நடந்ததும் நடந்திருக்கலாம் என்பதும் ஒரே தாளில் ஒரே மையில் வந்தால், பத்து வருடம் கழித்துப் பார்ப்பவருக்கு எது எது என்று தெரியாது. ஆலையில் சோதிக்காத ஷிப்டுக்கு முந்தின ஷிப்ட் எண்ணை எழுதி வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஏடு அழகாக இருக்கும். வாடிக்கையாளரிடமிருந்து மூட்டை திரும்பி வரும்போது எந்தத் தேதி என்று தேட ஏட்டில் ஒன்றும் இருக்காது. வெற்றிடத்தை வெற்றிடமாக விட்டிருந்தால் அன்றைக்கே கண்டுபிடித்திருக்கலாம்.

மார்ச் 11

பாரி பாண்ட்ஸ் 2004-ல் 0.609 போனாரே, வில்லியம்ஸை எப்படி மேலே வைக்கலாம் என்ற கேள்விக்கு. ஒற்றை சீசன் என்றால் பாண்ட்ஸ்தான், மறுப்பே இல்லை. முழு வாழ்க்கை என்றால் அவருக்கு 0.444. 2004-ல் அவருடைய 232 வாக்கில் 120 வேண்டுமென்றே கொடுத்தவை. அவற்றை மேலேயும் கீழேயும் கழித்தால் 497-க்கு 256, அதாவது 0.515. கழித்த பிறகும் மலைதான். வில்லியம்ஸுக்கு இதே கழித்தலை முழுமையாகச் செய்ய முடியாது. வேண்டுமென்றே கொடுத்த வாக்கை அதிகாரப்பூர்வமாகத் தனியாக எண்ண ஆரம்பித்ததே 1955-ல்தான்.

மார்ச் 13

வில்லியம்ஸே ஒரு படம் போட்டவர் என்பதை யாரும் சொல்லவில்லையே. பேட்டிங் பற்றி எழுதிய புத்தகத்தில், ஸ்ட்ரைக் பகுதியை, அதாவது பந்து வந்தால் நல்ல பந்து என்று எண்ணப்படும் இடத்தை, பந்துகளால் நிரப்பிக் காட்டினார். குறுக்கே 7, உயரத்தில் 11, மொத்தம் 77 பந்து. ஒவ்வொரு பந்தின் மேலும் அந்த இடத்துக்கு வரும் பந்தில் தான் எவ்வளவு அடிக்க முடியும் என்ற எண், அதற்கேற்ற நிறம். நடுவில் 0.400, வெளிப்பக்கம் கீழ் மூலையில் 0.230. அவை அவருடைய சொந்த மதிப்பீடுகள், அளந்தவை அல்ல. ஆனால் அந்த மூலைப் பந்தை ஏன் விடவேண்டும் என்பது ஒரே பார்வையில் புரிந்துவிடும். அவருடைய 2021 வாக்குக்கும் விளக்கம் அந்த ஒரு படத்தில் இருக்கிறது. மகள் வீட்டுக்கு பாஸ்டன் பக்கம் போயிருந்தபோது, பேஸ்பால் ஒன்றும் புரியாமல் டிவி முன் உட்கார்ந்திருந்த எனக்கு, பக்கத்து வீட்டுப் பெரியவர் முதன்முதலில் காட்டியது அந்தப் பக்கத்தைத்தான். ஆட்டம் எனக்குப் புரிய ஆரம்பித்தது அன்றிலிருந்துதான்.

அந்த 77 பந்தை மறுபடி பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் தோன்றியது. கட்டம் எதற்கு, கோடு எதற்கு? பந்துகளையே வரைந்தால் என்ன?

மார்ச் 16

வரைந்துவிட்டேன். பிளாட்டர் உள்ள கடையில் அச்சும் எடுத்தாயிற்று.

ஆண்டுக்கு ஒரு வரிசை, 1939 முதல் 1960 வரை 22 வரிசை. வந்து நின்ற ஒவ்வொரு முறைக்கும் ஒரு மில்லிமீட்டரில் ஒரு வட்டம். பேஸ் போனால் நிரப்பிய வட்டம், ஹிட்டுக்கு நீலம், வாக்குக்கும் உடம்பில் பட்டதற்கும் ஆரஞ்சு. அவுட் என்றால் வெறும் வளையம். மொத்தம் 9786 வட்டம். 1949 வரிசை 73 சென்டிமீட்டர் நீள்கிறது, 1952 ஒன்றேகால் சென்டிமீட்டர்கூட இல்லை. இடப்பக்கம் ஆண்டு எழுதியிருக்கிறேன். 1943, 1944, 1945 என்ற மூன்று எண்களுக்குப் பக்கத்தில் வெள்ளைத் தாள்.

விகிதம் எங்கேயும் எழுதவில்லை. பாதிக்குக் கொஞ்சம் குறைவாக நிறம் என்பது கண்ணுக்கே தெரிகிறது. 1941-ல் நிறம் பாதியைத் தாண்டுகிறது, அதுவும் தெரிகிறது.

ஒரு சீசனுக்குள் வட்டங்களின் வரிசை முறை என் கையில் இல்லை. அதனால் நிரப்பியவற்றை இடப்பக்கமும் வளையங்களை வலப்பக்கமும் சேர்த்து வைத்தேன். மூன்று வட்டம் மட்டும் அவற்றின் உண்மையான இடத்தில் இருக்கின்றன. 1939 ஏப்ரல் 20, யாங்கி ஸ்டேடியத்தில் முதன்முறை வந்து நின்றபோது ரெட் ரஃபிங் ஸ்ட்ரைக் அவுட் செய்தார். ஆகவே முதல் வரிசையின் முதல் வட்டம் வெறும் வளையம். 1952 வரிசையின் பன்னிரண்டாவது, கொரியா போகும் முன் ஏப்ரல் 30-ல் அடித்த ஹோம் ரன், நீலம். கடைசி வரிசையின் 390-வது வட்டம் 1960 செப்டம்பர் 28, அந்தப் பிலடெல்பியா நாளுக்குச் சரியாகப் பத்தொன்பது வருடம் கழித்து. ஃபென்வே பார்க்கில் ஜாக் ஃபிஷர் போட்ட பந்து, 521-வது ஹோம் ரன். அதன் பிறகு அவர் பேட் பிடிக்கவில்லை. அதுவும் நீலம்.